விஜயலெட்சுமியின் கறுப்புப் பொட்டு

பதுளைக்குப் போய் ஸ்டூடியோவில் படம் பிடித்துக்கொண்டு திரும்பிய நாள் முதல் விஜயலெட்சுமி கறுப்பு வெள்ளையாகவே இருந்தாள். நமுனுகுல மலையும் தேயிலையும் பச்சை, லயத்து வீடுகளின் தகரம் துரு நிறம், அவள் மட்டும் பழைய சினிமாக்காரி மாதிரி சாம்பலும் வெளுப்பும். முகத்தில் எந்நேரமும் ஒரு பக்கமாக வெளிச்சம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சல் இல்லை என்று சொல்லி இரண்டு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

கணவன் வீரசிங்கத்துக்கு நிறம் போனது பெரிதாகப் படவில்லை. படத்தில் அவளோடு எவனாவது நின்றானா என்பதுதான் அவனை அரித்தது. பழைய சினிமாப் படங்களின் சாயலில் பெண்களைப் படம் பிடித்துக் கண்காட்சி வைக்கப் போவதாகச் சொல்லித்தான் ஷிப்னா என்ற ஸ்டூடியோக்காரி தோட்டத்துப் பெண்களை அழைத்திருந்தாள். அழுகிற மனைவி, காத்திருக்கும் அம்மா, குடி கெடுக்க வந்த நாட்டியக்காரி என்று வேஷங்கள் இருந்தன.

"நீ எந்த வேஷம் போட்ட?"

"அதுல ஒண்ணும் போடல. யாருக்கும் எந்த மொறையும் ஆகாத ஒருத்தியா நாற்காலியில சும்மா குந்தியிருந்தேன்."

சும்மா உட்கார ஒருத்தி பதுளை வரைக்கும் பஸ் ஏறுவாளா? அவள் போனைத் துழாவினான். வெளிச்சம் வரும் பக்கம் எவனாவது விளக்குப் பிடிக்கிறானா என்று லயத்தைச் சுற்றி வந்தான். வாழை மரம்தான் நின்றது.

விபரீதம் பொட்டில் தொடங்கியது. அவள் வைக்கிற குங்குமம் கறுப்பாகத் தெரிந்தது. தாலிக்கயிற்றின் மஞ்சளும் சேலையோடு கலந்து மறைந்தது. கறுப்புப் பொட்டு கல்யாணமாகாத பெண்ணுக்கு என்பது தோட்டத்தில் யாருக்குத் தெரியாது? இரண்டு மாதத்துக்குள், பதினோரு வருஷம் அவள் குடும்பம் நடத்தியதையே ஊர் மறந்துவிட்டது. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் கங்காணி வீரசிங்கத்தின் பெயரைக் கூப்பிடாமல் தாண்டிப் போனார். பெரகலயிலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் அவனிடமே, "நீங்க பொண்ணுக்கு என்ன மொறைங்க?" என்று விசாரித்தார்கள். வாய் திறந்தவனுக்குப் புருஷன் என்ற வார்த்தை வரவில்லை. அப்போதுதான் பயம் பிடித்தது. சந்தேகப்படக்கூட மனைவி மிஞ்சமாட்டாள் போலிருந்தது.

மறுநாளே அவளையும் கூட்டிக்கொண்டு பதுளைக்கு ஓடினான். தன்னையும் அந்தப் படத்தில் சேர்க்கச் சொன்னான்.

"என்ன வேஷம்?" என்றாள் ஷிப்னா.

"புருஷன் வேஷம்."

"அந்தக் கதையில புருஷன் இல்லியே." ஷிப்னா விஜயலெட்சுமியைப் பார்த்தாள். கதை அவளுடையது.

விஜயலெட்சுமி அவசரப்படவில்லை. வீரசிங்கத்தை மேலும் கீழும் அளந்தாள். சந்தேகப்படுவது இப்போது அவள் முறை. "தேத்தண்ணி கொண்டாந்து குடுக்குற ஆளா வேணும்னா இவரு நிக்கட்டும்" என்றாள் கடைசியில். "ஆனா யாரு வந்தா, எங்க போனேன்னு கேக்கப்படாது."

அவன் கோப்பையோடு நின்றான். திரும்பும்போது பஸ்ஸில் இருவருமே கறுப்பு வெள்ளை. கண்டக்டர் இரண்டு டிக்கட் கிழித்தார்.

லயத்தில் இப்படி இரண்டு பேர் இருப்பது இப்போது யாருக்கும் புதினமில்லை. விடிகாலையில் தேத்தண்ணி ஊற்றுவது வீரசிங்கம்தான். அவள் உட்கார்ந்து கடைசி மடக்கு வரை குடிப்பாள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் குடித்து முடித்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டு எங்கோ கிளம்புவாள். எங்கே என்று கேட்க அவனுக்கு நாக்கு துடிக்கும். கேட்டால் பெரகலக்காரர்கள் மறுபடி வந்துவிடுவார்கள். கோப்பையைக் கழுவி வைக்கிறான்.