புறம்பாக வைத்த சட்டி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து தொடங்கியது. பொய் என் மனைவியுடையது. அவள் இறந்து இரண்டு மாதம் கழித்துத்தான் அது என் கைக்கு வந்தது.

யோகேஸ்வரி சனிக்கிழமைதோறும் இரண்டு பீட்சா செய்வாள். ஒன்று எங்களுக்கு. இன்னொன்றைச் சட்டியோடு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, "இஞ்சேருங்கோ, மலர் வீட்டுக்குப் போட்டு வாறன்," என்று சொல்லிப் போவாள். திரும்பி வர மூன்று மணி நேரம் ஆகும். ஆறு வருடம் இப்படி. மலர் வீடு எங்கள் சுவருக்கு அடுத்த சுவர்.

அவள் போன பிறகு, நினைவிலிருந்து நானே ஒன்று செய்து பார்த்தேன். ஓரம் கருகியிருந்தாலும் வாசனை சரியாக வந்தது. இரண்டு துண்டுகளைத் தட்டில் வைத்து மலரிடம் கொண்டுபோனேன்.

"ஐயோ அங்கிள், எனக்கு சீஸ் ஒத்துக்காது லா. வயிறு பிடிச்சுக்கும். நான் சாப்பிட்டதே இல்லையே."

சொல்லிவிட்டு மலர் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அந்த மூடிய வாயைப் பார்த்த அன்று மாலைதான் நான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "மாசாயில் விடாது மழை பெய்த ஒரு சனிக்கிழமை, ஒரு பெண் குடைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு——"

(நிறுத்திவிட்டேன். எங்கள் ஊர் மாசாயில் அன்று மழை பெய்யவில்லை. மழையை வைத்தால் நீங்கள் அவளைச் சந்தேகப்படுவீர்கள் என்பதற்காக வைத்தேன்.)

இரண்டாவது தொடக்கம்: "பீட்சா செய்ய 'அவன்' அடுப்பு தேவையில்லை."

இது உண்மை. ஆகவே வைத்துக்கொள்கிறேன். இரண்டு குவளை மாவு, அரைக் கரண்டி ஈஸ்ட், கொஞ்சம் சீனி, வெதுவெதுப்பான தண்ணீர். எங்கள் ஊர் வெக்கைக்கு ஒரு மணி நேரத்தில் மாவு இரட்டிப்பாகிவிடும். போத்தல் சாஸ் வாங்கமாட்டாள். தக்காளியும் வெங்காயமும் மிளகாய் விழுதும் சேர்த்து வதக்கிக்கொள்வாள். மேலே டின் சார்டின் மீன், முள் எடுத்து மசித்தது. ரொட்டிக்கு வைக்கும் சீஸ் துண்டுகளை நூல்போல் நறுக்கி, கடிக்கும் இடமெல்லாம் ஒரு நூல் அகப்படும்படி பரப்புவாள். அடுப்பில் தோசைக்கல், அதன்மேல் சட்டி, சிறு தீ. மூடியைச் சுற்றித் துணி கட்டுவாள். ஆவித் தண்ணீர் சொட்டி மாவு நனையக்கூடாது. வெளியில் ஒன்று வாங்கும் காசில் வீட்டில் ஐந்து செய்யலாம் என்பது அவள் பெருமை.

(இதையெல்லாம் யாருக்காகக் கற்றுக்கொண்டாள் என்று கேட்காதீர்கள். எங்களுக்கு ஒரு மகள் உண்டு. பதினாலு வயதில், இரண்டாம் படிவம் படிக்கும்போது பீட்சா கேட்டு அழுதவள். அவள் இந்தக் கதையில் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்பே அவளை வெளியே எடுத்துவிட்டேன்.)

3

சட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பீட்சா பழைய அலுமினியச் சட்டியில் வேகும். மற்றது ஒரு கறுப்புச் சட்டியில். அதன் கைப்பிடியில் வெள்ளைத் துணி நாடா கட்டியிருக்கும். அலமாரியில் அதற்குத் தனித் தட்டு, தனித் துடைதுணி. ஒருமுறை முட்டை பொரிக்க எடுத்தேன்.

"அதைத் தொடாதேங்கோ. அது புறம்பு."

சைவச் சட்டி என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆட்களின் வீடுகளில் விரத நாளுக்கென்று சட்டி புறம்பாக இருக்கும். அதில் கேட்க என்ன இருக்கிறது? அவள் சைவம் என்ற சொல்லைச் சொல்லவே இல்லை என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

மலர் வாய் மூடிய அன்று, அந்தக் கறுப்புச் சட்டியின் மூடியை முகர்ந்து பார்த்தேன்.

சார்டின் வாசனை.

4

மச்ச வாசனை அடிக்கும் சைவச் சட்டி. மூன்று மணி நேரம். பொய். இந்த மூன்றையும் கையில் கொடுத்தால் ஒரு கதாசிரியன் என்ன செய்வான்? ஓர் ஆணைக் கொண்டுவருவான். நானும் கொண்டுவந்தேன். நில அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு எழுதிய என் கை, அவருக்கு விஜயன் என்று பெயர் வைத்து, ஓய்வுபெற்ற ஆசிரியராக்கி, மனைவியை இழந்தவராக்கி, கதவைத் திறக்க வைத்தது. "யோகேஸ், இன்றைக்கும் சூடாகவா கொண்டு——"

அடித்துவிட்டேன். ஆனால் அடித்த வரி போகவில்லை. இரண்டு நாள் அந்த மனிதரின் குரல் என் சமையலறையில் கேட்டது.

மூன்றாம் நாள் நான் செய்ததை விட்டுவிட்டு எழுதலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. கடையில் பன்றி லஞ்சன் மீட் டின் ஒன்று வாங்கினேன். அவள் இருந்த காலத்தில் அதை அலுமினியச் சட்டியில் நானே பொரித்துச் சாப்பிடுவேன், அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுவாள். இப்போது வேண்டுமென்றே கறுப்புச் சட்டியை எடுத்தேன். இறந்தவளிடம் கோபித்துக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.

5

நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு மலர் பின்வாசலால் வந்தபோது எண்ணெய் தெறித்துக்கொண்டிருந்தது.

"என்ன அங்கிள் பொரிக்கிறீங்க?"

"லஞ்சன் மீட்."

"பன்றியா?"

"வேறென்ன?"

"அலமாக்! இந்தச் சட்டியிலயா?" அடுப்பை அவளே அணைத்தாள். "இதத்தானே சுபா கேட்டுச்சு! அம்மாவோடது வேற எதுவும் வேணாம், இந்தச் சட்டி மட்டும் போதும்னு. அதக் கேக்கத்தான் வந்தேன்."

(ஆகவே மகளை இனி வெளியே நிறுத்தி எழுத முடியாது. சுபத்திரா. மூவாரில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பையன் நவ்சாத்தைக் கட்ட மதம் மாறினாள். அன்று இருவரும் வாசலில் நின்றார்கள். நான் அவளிடம் மட்டும் பேசினேன். அந்த வாக்கியத்தை இங்கே எழுதமாட்டேன்.)

"சனிக்கிழமை அக்காவ நான்தான் செனாய்க்கு வண்டியில கூட்டிட்டுப் போவேன்," என்றாள் மலர். "அங்கதான் சுபா வீடு. பேத்தி பொறந்தப்ப இந்தச் சட்டிய அக்கா புதுசா வாங்குனாங்க. மாப்பிள்ளை அப்படி ஒண்ணும் கேக்கவே இல்ல. டின்னு, சீஸு எல்லாம் ஹலால் பாத்துப் பாத்து எடுப்பாங்க. 'என்ர பேத்தி சந்தேகமில்லாமச் சாப்பிடோணும்'னு சொல்வாங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"புள்ள பேரு ஷப்னம். இப்ப கடை பீட்சாவத் தொட மாட்டேங்குதாம். 'மூடியில துணி கட்டலையா'ன்னு கேக்குதாம்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா விட்டிருப்பீங்களா அங்கிள்?"

நீங்களே சொல்லுங்கள். நான் இதற்கும் ஒரு பதில் எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. நம்பும்படியாக இல்லை.

"சட்டியைக் கழுவினால் போதாதா?" என்று கேட்டேன்.

"பன்றி பட்டா ஏழு தடவ கழுவணும், மண்ணு சேர்க்கணும்னு கேள்விப்பட்டிருக்கேன். முதல்லயா கடைசியிலயா, தெரியல. தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க." பொட்டலத் தாளின் ஓரத்தைக் கிழித்து ஓர் எண்ணை எழுதினாள். "நாளைக்கு சுபா வருது. நான் எதுவும் சொல்லப்போறதில்ல. போதும், உங்க வீட்டு ரகசியத்த ஆறு வருஷம் சுமந்துட்டேன்."

6

முடிவு ஒன்று: அதேபோல் ஒரு கறுப்புச் சட்டி வாங்கி, நாடாவை அவிழ்த்து அதில் கட்டிக் கொடுத்துவிடுகிறேன். சுபத்திராவுக்குத் தெரியாது. ஆனால் அவள் கேட்டது கடைச் சட்டியை அல்ல.

முடிவு இரண்டு: சட்டி தொலைந்துவிட்டது என்கிறேன். அவள் அழாமல் போகிறா——

முடிவு மூன்று: எனக்குத் தெரிந்தபடி கழுவி, துடைத்து, வாயை மூடிக்கொண்டு கொடுக்கிறேன். ஷப்னம் அதில் சாப்பிடுவாள். யோகேஸ்வரி இத்தனை வருடம் அந்தப் பிள்ளையின் தட்டுக்கு வராமல் காத்த சந்தேகத்தை, நான் ஒரு சொல்லும் பேசாமல் பரிமாறிவிடுவேன்.

மூன்றிலும் நான் தப்பித்துவிடுகிறேன். அதனாலேயே மூன்றையும் நம்பவில்லை. என்னை நீங்களும் நம்பவேண்டாம்.

7

கறிவேப்பிலைச் செடியின் அடியிலிருந்து மண் தோண்டிக் குவளையில் வைத்திருக்கிறேன். செடி அவள் வைத்தது. சட்டி கழுவுதொட்டியில் கிடக்கிறது. கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: மண் முதலிலா, கடைசியிலா? அதைக் கேட்டால், எதற்கு என்பதையும் சொல்லவேண்டி வரும். சரியாகத் தெரிந்த ஒருவரின் எண் என்னிடம் இருக்கிறது. அது சுபத்திராவின் எண் அல்ல. மலர் கெட்டிக்காரி.

அழுத்திவிட்டேன். மணி போகிறது.

"ஹலோ, யாருங்க?" பின்னால் தட்டுகள் மோதும் சத்தம். யாரோ தே தாரேக் டீ கேட்கிறார்கள்.

"குகநாதன். சுபத்திராவின் அப்பா."

தட்டுச் சத்தம் தள்ளிப் போகிறது. ஒரு கதவு சாத்தப்படுகிறது.

"சொல்லுங்க மாமா."

ஆறு வருடத்தில் நான் அவரை எதுவும் சொல்லி அழைத்ததில்லை. தம்பி என்பதா, மருமகன் என்பதா, நவ்சாத் என்பதா? அந்தச் சொல் வந்தால்தான் கேள்வி வரும். கேள்வி வந்தால்தான் சட்டி சுத்தமாகும்.

இங்கே ஒரு சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறேன். நான் எழுதினால் அழகாக எழுதிவிடுவேன். நீங்கள் எழுதுங்கள். அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

"________, ஒரு சட்டி கழுவவேண்டும்."