போறணைக்குப் போகாத பாலன்

1.

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. பலெர்மோவின் பெரிய ரயில் நிலையம், ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்றபோது பின்னாலிருந்து காதில் வந்து விழுந்தது.

"பிள்ளையைப் போறணைக்குள்ளை வைக்கச் சொல்லுறா. என்னாலை ஏலாதப்பா."

பாண் சுடுகிற அடுப்புக்குள் பிள்ளையோ? திடுக்கிட்டுத் திரும்பினேன். எங்கடை ஆள் ஒருத்தி, ஃபோனில் கதைத்துக்கொண்டு நிற்கிறாள். கையில் ஒரு பை நிறையச் செம்மஞ்சள் தோடம்பழம். கொலைகாரியின் முகமே இல்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். எனக்கு மிஞ்சியது அந்த இரண்டு வசனமும் தோடம்பழ வாசமும்தான். மிச்சமெல்லாம் நான் கட்டியது. அவளுக்கு மாக்கிரட் என்று பெயர் வைத்தது உட்பட.

விசாரித்ததில் பிள்ளையின் கதை வெளித்தது. மெக்சிக்கோக்காரர் ஜனவரி ஆறில் வருகிற மூன்று இராசாக்கள் திருநாளுக்கு வளையமாக ஓர் இனிப்புப் பாண் சுடுவார்களாம். பெயர் றொஸ்கா. உள்ளே பாலன் இயேசுவின் சின்னப் பொம்மை ஒன்று ஒளிந்திருக்கும். யாருடைய துண்டில் பாலன் வருகிறாரோ, அவர் பெப்ரவரி இரண்டாம் தேதி எல்லாரையும் கூப்பிட்டுத் தமாலே அவித்துப் போடவேண்டும். சோளமாவை இலையில் சுற்றி அவிக்கிற பண்டம் அது.

2.

முதல் தொடக்கம்: "சீசாப் பகுதியில், நாலாம் மாடி ஜன்னலில் மழை—"

வேண்டாம். மழையில் தொடங்குகிற கதைகளுக்கு எங்களிடம் பஞ்சமில்லை.

இரண்டாம் தொடக்கம்: "மாக்கிரட் மன்னாரை விட்டு வந்த அந்த—"

இதுவும் வேண்டாம். எங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் விட்டு வந்ததைத்தான் எழுதுகிறார்கள். இவள் வந்து சேர்ந்த இடத்தில் நின்று கதைக்கட்டும்.

ஆகவே, சண்டையிலிருந்து.

"வெண்ணெய் இல்லாமல் றொஸ்காவோ?" என்றா சினோறா எல்விரா. "கல்லைத் தின்னச் சொல்லு மார்கெரித்தா, தின்னுறன்."

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"அவன் மிலானோக்காரன். அவனுக்கு இராசாக்களைத் தெரியாது."

"உங்கடை நெஞ்சை அவருக்குத் தெரியும், சினோறா."

(இருவரும் கதைத்தது இத்தாலியனில்; மாக்கிரட் அங்கே மார்கெரித்தா. என் காதில் எல்லாரும் எங்கடை தமிழில்தான் கதைப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

சினோறா மெக்சிக்கோவில் பிறந்து, பலெர்மோவில் கலியாணம் முடித்து, இப்போது தனியாக இருப்பவ. வீட்டு வேலைக்கும் வாய்க்கும் துணை மாக்கிரட். வருசாவருசம் இராசாக்கள் திருநாளில் தன் ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டு றொஸ்கா வெட்டுவது சினோறாவின் பெருமை. ஈஸ்டர் முடிய நெஞ்சு பிடித்தது. வெண்ணெய், மஞ்சட்கரு எல்லாவற்றுக்கும் தடை. இந்தமுறை இல்லை என்று சொல்ல ஃபோனைத் தூக்கினா. மாக்கிரட் அதை வாங்கி வைத்தாள்.

"நான் சுடுறன். நீங்கள் தின்னக்கூடியதாய்ச் சுடுறன்."

"சுடுவாய். அது றொஸ்காவோ எண்டு நான்தான் சொல்லுவன்."

"சொல்லுங்கோ."

பந்தயம் அவ்வளவுதான்.

3.

முதலாவதை அல்பெர்கேரியாவிலுள்ள தன் வீட்டுக் குசினியில் சுட்டாள். வெண்ணெய் ஒரு பொட்டும் இல்லை. புருசன் ஏர்னஸ்ற் கடித்துப் பார்த்தார்.

"இஞ்சேருமப்பா, பல்லு டொக்டரிட்டை இப்பவே சொல்லி வைக்கட்டோ?"

"சும்மா கதையாமல் தின்னுங்கோ."

இரண்டாவது மெத்தென்று வந்தது. ஆனால் பொங்கிய பொங்கலில் நடு ஓட்டை மூடிப்போயிற்று.

"இது வட்டப் பணிஸ்," என்றார். "ஊருக்கே பங்கு வைக்கலாம்."

கொண்டுபோய்க் கொடுக்க, சினோறா ஒரு கிள்ளு வாயில் போட்டு, கண்ணை மூடி, திறந்தா. "பாண்* நல்லம். றொஸ்கா இல்லை."

[இந்த இடத்தில் அவளை அழவைக்க நினைத்தேன். "மாக்கிரட்டின் கண்கள் கலங்—" என்று எழுதவும் தொடங்கினேன். அவள் விடவில்லை. "நான் ஏன் அழவேணும்? மாப் புளிக்கிற விசயம் எனக்குத் தெரியாதோ?" வெட்டிவிட்டேன்.]

தெரியும். அப்பத்துக்கு மாக் கரைக்கிற கை அது. ஈஸ்டைக் குறைத்து, இரவு முழுக்க மாவைக் குளிரில் விட்டாள், ஆறுதலாகப் பொங்கட்டும். வெண்ணெய்க்குப் பதில் கொஞ்சம் ஒலிவ் எண்ணெய். ஈரப்பதத்துக்குத் தோடம்பழத்தைத் தோலோடு அவித்து அரைத்துச் சேர்த்தாள். முட்டையில் வெள்ளை மட்டும். சீனி பாதி. மேலே சீனிப்பாகில் ஊறின பழங்களுக்குப் பதிலாகக் கண்ணாடிபோல் சீவிய தோடம்பழ வட்டங்கள். வளையத்தின் நடுவில் எண்ணெய் பூசிய, தேத்தண்ணி குடிக்கிற சில்வர் பேணியை நிறுத்தினாள். இனி ஓட்டை எப்படி மூடும்?

* சினோறாவின் ஊரிலும் 'பாண்' என்றுதான் சொல்வார்களாம். இருவரும் முதல் நாளே சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே விசயம்.

4.

இனிப் பாலன். சினோறா கொடுத்தது விரல் நகமளவு பீங்கான் பொம்மை. அது மாவுக்குள் போனால்தான் எனக்குக் கதை. யாருடைய துண்டில் வரும் என்று உங்களைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகலாம். எழுதினேன்: "மாக்கிரட் பாலனை மாவுக்குள் அழுத்தி—"

"நான் மாட்டன்."

"பொம்மைதானே, மாக்கிரட்."

"உங்களுக்குப் பொம்மை. நத்தார்க் குடிலிலை வைக்கோல் குத்துமெண்டு அவருக்குக் கீழை பஞ்சு வைக்கிறவள் நான். போறணைக்குள்ளை வைப்பனோ?"

"மெக்சிக்கோவிலை எல்லாரும் வைக்கினம்."

"வைக்கட்டும். நான் சுட்டு ஆறின பிறகு அடியிலை கீறி வைப்பன்."

எழுதுகிறவள் தோற்ற இடம் இது. மாக்கிரட் பாலனைக் கைக்குட்டை லேஞ்சியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

பாண் பொன்னாகச் சிவந்து வந்தது. ஏர்னஸ்ற் குனிந்து மணந்து பார்த்தார். பகிடி ஒன்றும் வரவில்லை.

"கெதியாய்க் கொண்டு போம். இஞ்சை ஆறவிட்டால் நானே முடிச்சிடுவன்."

பஸ்ஸில் மடியில் சுடச்சுட வைத்துக்கொண்டு போனாள். முன்சீட்டுக்காரர் திரும்பினார், பின்சீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். சாரதிகூட ஒருமுறை கண்ணாடியில் பார்த்தான். மாக்கிரட் நிமிர்ந்து இருந்தாள், மணப்பெண்ணைக் கூட்டிப்போகிற தாயைப் போல.

5.

சினோறாவின் மேசையில் அவவின் ஊர்ப் பெண்கள் நாலு பேர். மாக்கிரட்டையும் பிடித்துக் கதிரையில் இருத்தினா. அவரவர் துண்டை அவரவரே வெட்டவேண்டும். சினோறா வெட்டி, வாயில் வைத்து, மென்றா.

"வெண்ணெயை எங்கை ஒளிச்சனி?"

"வெண்ணெய் இல்லை, சினோறா."

"பொய்."

"தோடம்பழம்."

சினோறா இரண்டாம் துண்டை வெட்டினா.

"எனக்குப் பாலன் வரேல்லை," என்றாள் ஒருத்தி.

"எனக்கும் இல்லை."

தட்டில் ஒரு துண்டு மிஞ்சியது. சினோறா அதையும் கத்தியால் கிளறிப் பார்த்தா. பிறகு மாக்கிரட்டைப் பார்த்தா.

"பாலன் இல்லாட்டி இது நல்ல பாண். அவ்வளவுதான்."

மாக்கிரட்டின் கை தன்பாட்டில் சட்டைப் பைக்குப் போனது. லேஞ்சி.

6.

முடிவு ஒன்று: ஒருவரும் காணாமல் கடைசித் துண்டுக்குள் பாலனைச் செருகுகிறாள். கைதட்டல். (மாக்கிரட் கேட்டாள்: "திருநாளண்டு களவோ?")

முடிவு இரண்டு: அவள் வாயே திறக்கவில்லை, பாண் பாணாகவே— இல்லை. இவ்வளவு அழகாகப் பொங்கினதை அமத்த எனக்கு மனமில்லை.

மூன்றாவதை நான் எழுதவில்லை. அவள் செய்தாள்.

லேஞ்சியை மேசை நடுவில் விரித்தாள்.

"பாலன் இஞ்சை இருக்கிறார். நெருப்புக்குள்ளை வைக்க மனம் வரேல்லை. பிறகு வைப்பமெண்டு இருந்து, பாணைப் பார்த்த சந்தோசப் புழுகத்திலை மறந்துபோனன்."

பாலனைத் தூக்கி உள்ளங்கையில் வைத்தாள்.

"ஆரிட்டைப் பாலனோ அவதானே சமைக்கவேணும்? என்னட்டைத்தான் இருக்கிறார். பெப்ரவரி ரெண்டு, எல்லாரும் என்ரை வீட்டுக்கு வாங்கோ."

"உனக்குத் தமாலே தெரியுமோ?" என்றா சினோறா.

"மாவை இலையிலை சுத்தி அவிக்கிறதை எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை."

"பன்றிக்கொழுப்பு இல்லாமலோ?"

"இல்லாமல்தான்."

சினோறாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது தமாலேயோ எண்டு நான்தான் சொல்லுவன்."

"சொல்லுங்கோ."

7.

அப்போ சினோறா அதை றொஸ்கா என்று சொன்னாவோ? சொன்னதை நான் கேட்டேன். எழுதமாட்டேன். மாக்கிரட் அதைக் கேட்கக்கூட நிற்கவில்லை; பல்லறோச் சந்தையில் வாழையிலை கிடைக்குமோ என்று குசினிக்குள் நின்று ஏர்னஸ்ற்றுக்கு ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கடைசித் துண்டு இன்னும் தட்டில் இருக்கிறது. பயப்படவேண்டாம், உள்ளே பாலன் இல்லை. நெஞ்சுக்கும் ஒன்றும் செய்யாது. எடுங்கள். தின்றுவிட்டு அதன் பெயரை நீங்களே சொல்லுங்கள்.