ஏலிக்குட்டியின் கழுத்து

"நீங்க நகருங்க, நாங்க தூக்கிக்கிறோம்" என்றார் சவப்பெட்டி கொண்டுவந்தவர்.

பைலி நகரவில்லை. கட்டிலின் தலைமாட்டில் குனிந்து, மனைவி ஏலிக்குட்டியின் கழுத்துக்கு அடியில் ஒரு கையையும் பின்மண்டையில் மறு கையையும் கொடுத்து நின்றார்.

"தலையும் தோளும் ஒண்ணா வரணும். நான் மூணு சொன்னதும் தூக்குங்க."

"இனிமே அவங்களுக்கு வலிக்கவா போகுது சேட்டா?" என்றான் பக்கத்து வீட்டு அவறாச்சன்.

"நீ காலைப் பிடிடா. பேசாதே."

மகள் ரோஸிலி கதவருகே நின்றாள். நாக்பூரிலிருந்து ரயிலேறி, காலையில்தான் கோட்டயத்தில் இறங்கியிருந்தாள். இரண்டு வருடங்களுக்கு முன் அம்மாவின் கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கட்டியை எடுத்தார்கள். அதற்காக எலும்பை வெட்டியதில், போகப்போகக் கழுத்து நிலைகொள்ளாமல் போனது. கழுத்துப்பட்டை போடாமல் உட்கார்ந்தால் தாடை நெஞ்சில் விழும். கம்பியும் திருகாணியும் வைத்து நிறுத்தலாம் என்றார் டாக்டர். "இன்னொரு தடவை என்னால ஆகாது" என்றாள் அம்மா. அப்பச்சன் பைலியும் "சரி" என்று விட்டுவிட்டார். "உங்களுக்குத்தான் தைரியமில்ல" என்று ரோஸிலி அவரிடம் போனில் கத்தினாள். பிறகு மூன்று மாதம் பேசவில்லை. போன வாரம் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ரோஸிலி ரயிலில் இருந்தபோதே, நேற்று விடிகாலையில் மூச்சு நின்றது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

அம்மா பலகைபோல எழும்பிப் பெட்டிக்குள் இறங்கினாள். தலை துளியும் அசையவில்லை. அப்பச்சனின் கைகள் மட்டும் வெளியே வர நேரமாயிற்று.

"தினமும் எத்தனை தடவை இப்படித் திருப்புவீங்க அப்பச்சா?"

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா."

"ராத்திரியிலயுமா?"

"ராத்திரியிலதான் உங்கம்மா ஜாஸ்தி திட்டுவா. என் கை ஜில்லுன்னு இருக்காம்."

ரோஸிலி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சர்ச்சிலிருந்து பாதிரியார் அச்சன் வந்துவிட்டார்.

அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பியபோது மூன்று மணி. எல்லாருக்கும் கஞ்சியும் பயறும் பரிமாறினார்கள். அப்பச்சன் நான்கு வாய் குடித்துவிட்டு எழுந்து அறைக்குள் போனார்.

சாயங்கால ஜெபத்துக்கு ஆட்கள் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். "பைலி சேட்டனக் கூப்பிடு மோளே, தொடங்கலாம்" என்றான் அவறாச்சன்.

ரோஸிலி கதவைத் திறந்தாள். கட்டிலின் குறுக்கே, சட்டையைக்கூடக் கழற்றாமல், வாய் திறந்து அப்பச்சன் உறங்கிக்கொண்டிருந்தார்.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க தொடங்குங்க" என்றாள். "கொஞ்சம் மெதுவாப் பாடுங்க."