கொழுப்பு தங்காத உடம்பு

தலைநகர் பிஷ்கெக்கின் ஆய்வு நிலையத்தில் மைராம்குல்லுக்கு ‘கொழுப்புக்காரி’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அவள் ஒன்றும் அப்படிப் பருமனானவள் இல்லை. பதினோரு வருஷமாக மனித உடம்பின் கொழுப்புத் திசுவையே கட்டிக்கொண்டு அழுததால் வந்த பெயர். இதயம், ஈரல் என்று ஆராய்கிறவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை அவளுக்குக் கிடைத்ததில்லை. “கம்மியா தின்னுங்கன்னு ஒரு வரியில எழுதி முடிக்கிற விஷயம். இதுக்குப் போய் ஆராய்ச்சியா?” என்பார் இயக்குநர். மைராம்குல் சிரித்துவிட்டு வந்துவிடுவாள். உள்ளுக்குள் எரியும்.

அந்த செப்டம்பரில் கொச்கோர் பள்ளத்தாக்கில் ஒரு கிராமப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் முகாம் போட்டிருந்தாள். பருமனான பெண்களில் யாருக்குச் சர்க்கரை வருகிறது, யாருக்கு வருவதில்லை என்று பார்ப்பதுதான் வேலை. கூட வந்தது எசென் என்கிற ஆய்வகக்காரர் மட்டும். வெறும் வயிற்றோடு வரச் சொன்னதால் கூடத்தில் எல்லாருக்கும் பசி. பசியில் எல்லாருக்கும் வாய் நீண்டிருந்தது.

வரிசையில் முதலில் நின்றவள் சாய்ராகுல். நூற்றுப் பதினெட்டு கிலோ. எடைமேடையில் ஏறும்போதே, “உடைஞ்சா என்னைக் கேக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்,” என்றாள்.

“உங்களைவிடப் பெரியவங்களையெல்லாம் தாங்கின மேடை இது, ஏறுங்க,” என்றார் எசென்.

“என்னைவிடப் பெரியவளா? எந்த ஊரு அவ? சம்பந்தம் பேசலாம் போலிருக்கே.”

கூடமே சிரித்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒல்லியான பெண்கள் சிலரும் வேண்டும் என்று மைராம்குல் சொன்னதுதான் தாமதம், சாய்ராகுல் வெளியே போய் ஒருத்தியைக் கையோடு இழுத்து வந்தாள். அவள் கொழுந்தன் பெண்டாட்டி உல்போல்சுன். அந்தப் பள்ளியிலேயே வாலிபால் பயிற்சியாளர். முப்பத்துநாலு வயது. இறுகிய கால்கள், முறுக்கேறிய கைகள். ஊர்ப் பெண்கள் எல்லாரும் பொறாமைப்படுகிற உடம்பு.

“இவளை எழுதிக்குங்க டாக்டரம்மா. காலையில சாப்பிடற வழக்கமே இல்ல இவளுக்கு, வெறும் வயிறுதான். எங்க வீட்டுச் சோறு பூரா எனக்குத்தான் ஒட்டும். இவளுக்கு ஒரு பருக்கை ஒட்டாது.”

“விடுக்கா, எனக்குக் கிளாஸ் இருக்கு,” என்று முனகிக்கொண்டே உல்போல்சுன் கையை நீட்டினாள்.

அரை மணி நேரம் கழித்து எசென் ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களை இயந்திரத்தில் இட்டுச் சுழற்றி எடுத்தார். சாய்ராகுலின் குழாயில் மேலே தெளிந்து நின்றது மஞ்சளாக, பால் விடாத தேநீர் மாதிரி. உல்போல்சுனுடையதைத் தூக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேல்பாதி பாலாடை போல வெள்ளை வெளேரென்று இருந்தது.

“வெறும் வயித்தோட வாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னோமே,” என்றார் எசென். “காலையில என்னம்மா சாப்பிட்டீங்க? ஆட்டு வால் கொழுப்பையே முழுங்கினீங்களா?”

உல்போல்சுனின் முகம் இறுகியது. “ராத்திரி ஏழு மணிக்கப்புறம் தண்ணியைத் தவிர எதுவும் தொடல,” என்றாள். பிறகு மைராம்குல்லைப் பார்த்து, “கேட்டுடுங்க. எல்லா டாக்டரும் கேக்கறதுதானே. குடிப்பியான்னு கேளுங்க,” என்றாள்.

மைராம்குல் ஒன்றும் கேட்கவில்லை. சாய்ராகுல்தான் தாழ்ந்த குரலில் சொன்னாள். இரண்டு தடவை கணையம் வீங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கத் துடிக்க ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இருபத்தொன்பது வயதிலேயே சர்க்கரை. கணையம் வீங்கினால் ஓட்காதான் காரணம் என்று எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து மாமியார் பாத்திரங்களை மோந்து பார்க்கிறாள்.

“என் அம்மாவுக்கும் இதேதான்,” என்றாள் உல்போல்சுன். “முப்பத்தொன்பது வயசுல போயிட்டா. குடிச்சே செத்தான்னு ஊரு சொல்லிச்சு. எங்கப்பாவும் அதைத்தான் நம்பறாரு. குடிகாரி மக குடிகாரின்னு எனக்கும் பேரு. நான் வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டதில்ல.”

எழுந்து போகப் போனவளை மைராம்குல் தடுத்தாள். “அஞ்சு நிமிஷம் குடும்மா. உன் தொடையை அளக்கணும்.”

திரைக்குப் பின்னால் அழைத்துப் போய், தோல்மடிப்பை அளக்கும் இடுக்கியை எடுத்தாள். தொடையில் கிள்ளிப் பார்த்தாள். தோல்தான் வந்தது. இடுப்பில், புட்டத்தில், கையில், எங்கே கிள்ளினாலும் தோலுக்கும் தசைக்கும் நடுவில் எதுவும் இல்லை. முழங்காலுக்குக் கீழே நரம்புகள் கயிறு கயிறாகத் தெரிந்தன. ஆனால் கழுத்தும் தாடையும் மட்டும் கொழுகொழுவென்று இருந்தன. மைராம்குல் இடுக்கியைக் கீழே வைத்தாள். இப்படி ஒரு உடம்பைப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தாள்.

“எப்பலேர்ந்து இப்படி?”

“வயசுக்கு வந்தப்ப. கூடப் படிச்சவளுங்களுக்கெல்லாம் இடுப்பு வந்துச்சு, எனக்கு இருந்ததும் போச்சு. அடுத்தது ஆம்பளையா பொறக்கட்டும்னுதானே எனக்கு உல்போல்சுன்னு பேரு வெச்சாங்க, அதான் பாதி ஆம்பளையா ஆயிட்டான்னு கேலி பண்ணுவாங்க.”

“அம்மா போட்டோ இருக்கா?”

கைபேசியில் ஒன்று இருந்தது. அடுப்படியில் சட்டைக் கையை மடித்துவிட்டு மாவு பிசைகிற பெண். வட்ட முகம். முன்கை முழுக்கப் புடைத்த நரம்பு. மைராம்குல் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாய்ராகுலையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள். “கொழுப்புத் திசுவை எல்லாரும் குப்பைன்னு நெனைக்கறாங்க. அது கிடங்கு. சாப்பிட்டதுல மிச்சத்தை அதுதான் பத்திரமா வாங்கி வெச்சுக்குது. இவளுக்குக் கையில கால்ல அந்தக் கிடங்கே இல்ல. வர்ற கொழுப்புக்குப் போக்கிடம் இல்லாம ரத்தத்துல மிதக்குது, ஈரல்ல படியுது, கணையத்தைக் கெடுக்குது. குடிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னுதான் எனக்குத் தோணுது. பிறவிக் குறையா இருக்கலாம், அம்மா வழியா வந்திருக்கலாம். ஆனா சோதனை பண்ணாம சத்தியம் பண்ண மாட்டேன்.”

சாய்ராகுல் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். “அப்ப இது நல்லதா?”

“ரொம்ப நல்லதுன்னு சொல்லல. உங்க முட்டி வேற மாதிரி சொல்லும். ஆனா இதுவரைக்கும் உங்க கிடங்கு ஒழுங்கா வேலை செய்யுது.”

“பாதியை இவளுக்கு வெட்டிக் குடுத்துடுங்க டாக்டரம்மா. சீதனமா இருக்கட்டும்.”

உல்போல்சுன் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. சாய்ராகுல் அவளை இழுத்துத் தன் பெருத்த மார்பில் சாய்த்துக்கொண்டாள்.

மரபணுச் சோதனைக்கு ரத்தம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. “ஒரே ஒரு ஒல்லிப் பொம்பளைக்காகவா?” என்று இயக்குநர் கோப்பைத் தள்ளி வைத்தார். மைராம்குல் மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். நாலாம் நாள், “உங்க தொல்லை தாங்கல,” என்று கையெழுத்துப் போட்டார்.

முடிவு வரும்வரை மைராம்குல் சும்மா இருக்கவில்லை. உல்போல்சுனின் சாப்பாட்டில் கொழுப்பை அநேகமாக இல்லாமலே செய்தாள், மாத்திரைகளை மாற்றினாள். அந்த ஊரில் கொழுப்பில்லாமல் சாப்பிடுவது லேசான காரியமா? விருந்தென்றால் குதிரை இறைச்சித் தொத்திறைச்சி, ஆட்டு வால் கொழுப்பு. வேண்டாம் என்றால் அவமரியாதை. உல்போல்சுனின் தட்டில் விழுவதையெல்லாம் சாய்ராகுல் தன் தட்டுக்கு மாற்றிக்கொள்வாள். “எனக்குத்தான் கிடங்கு இருக்கே” என்பாள். மூன்றாவது மாதம் சாய்ராகுலின் எடையைப் பார்த்து மைராம்குல் அதற்கும் தடை போட்டாள். உல்போல்சுனுக்கு இருபத்தாறாக இருந்த ரத்தக் கொழுப்பு அதற்குள் ஏழுக்கு இறங்கியிருந்தது. இரண்டுக்குள் இருக்க வேண்டும்தான். ஆனாலும் கணையம் தப்பித்தது.

பிப்ரவரியில் முடிவு வந்தது. ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. மைராம்குல் தொலைபேசியில் சொல்லவில்லை. ஷேர் டாக்ஸி பிடித்து, பனி மூடிய பாதையில் கொச்கோருக்கே போனாள்.

உல்போல்சுன் அவளைத் தன் அப்பா வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஜுமாதில், அறுபத்தாறு வயது, வேன் ஓட்டுகிறவர். அதிகம் பேசாத மனிதர். மைராம்குல் காகிதத்தை விரித்து மெதுவாக விளக்கினாள். அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ அம்மாவுக்கும் இதுதானா?”

“அவங்க ரத்தம் நம்மகிட்ட இல்ல, அதனால முத்திரை குத்திச் சொல்ல முடியாது. ஆனா அந்தப் போட்டோவையும், அவங்க பட்ட பாட்டையும் பார்த்தா எனக்குச் சந்தேகமில்ல. குடிச்சதால வந்த நோவு இல்ல அது.”

ஜுமாதில் காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, “பாட்டிலைத் தேடி அவ ஊறுகாய் ஜாடி அத்தனையையும் உடைச்சேன்,” என்றார். “ஒண்ணும் கிடைக்கல. அப்பவும் நம்பல. எங்கேயோ ஒளிச்சு வெச்சிருக்கான்னே நெனைச்சேன். நான் குடிக்கல, நான் குடிக்கலன்னு அவ சொல்லிக்கிட்டே இருந்தா.” அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். “மன்னிச்சுடும்மா,” என்றார் மகளிடம். வேறு யாரிடம் சொல்ல முடியும்?

உல்போல்சுன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சற்றுப் பொறுத்து, “என் பொண்ணுக்குப் பன்னெண்டு வயசு. அவளுக்கும் வருமா?” என்று மைராம்குல்லிடம் கேட்டாள்.

“பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்தாலும், நமக்கு இப்பவே தெரிஞ்சுடும். கணையம் வீங்கற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கொழுப்புத் திசு சுரக்கிற ஹார்மோனையே மருந்தா குடுக்கறதும் இருக்கு. தேவைப்பட்டா அதுக்கு எழுதிப் போடறேன்.”

ஜுமாதில் நிமிர்ந்தார். “இவ அம்மா கூடப் பொறந்தவங்க நாலு பேரு இந்தப் பள்ளத்தாக்குல இருக்காங்க. நரம்பு புடைச்ச கை எனக்குத் தெரியும், எத்தனை விசேஷத்துல பார்த்திருக்கேன். பெரியவனுக்குச் சர்க்கரை. சின்னவ மகளுக்கு அடிக்கடி வயித்து வலி. அவளையும் குடிக்கறான்னுதான் பேசிக்கறாங்க.” எழுந்து மேல்கோட்டை மாட்டினார். “உங்க குழாய், ஊசி எல்லாம் கையில இருக்கா டாக்டரம்மா?”

“இருக்கு. ஆனா அவங்க வெறும் வயித்தோட இருக்கணுமே.”

“அப்ப இன்னைக்குப் போய்ச் சொல்லிட்டு வர்றேன். நாளைக்குக் காலையில கூட்டிட்டு வர்றேன். நான் வந்து கூப்பிட்டா தட்ட மாட்டாங்க. தட்டினா, நான் என்ன பண்ணினேன்னு அவங்க எதிர்லயே சொல்றேன்.”

வெளியே வேன் நாலைந்து தடவை இருமிவிட்டுக் கிளம்பியது. மைராம்குல் குறிப்பேட்டில் புதுப் பக்கம் திருப்பி, குடும்ப மரம் ஒன்றை வரைய ஆரம்பித்தாள். உல்போல்சுன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, கிளைகள் பக்கத்தைத் தாண்டிப் போயின.