பீரோவுக்குள் நாலு பைகள்

ஓய்வு பெற்ற பிறகும் குழந்தைகள் டாக்டரம்மாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. சம்பளம் கிடையாது, சாப்பாடும் தங்க ஓர் அறையும் உண்டு என்றதும், நர்சுகளுக்குப் பாடம் நடத்த நாடு விட்டு நாடு கிளம்பிவிட்டார். "பாடம் கேக்க வீட்ல நான் ஒருத்தன் போதாதா?" என்று கணவர் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் பத்து நாள் வகுப்பு. பிறந்ததும் மூச்சு விடாத சிசுவுக்கு ஒரு நிமிடத்துக்குள் காற்று கொடுக்க வேண்டும். கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அதைப் பழக்க ஒரு ரப்பர் பொம்மையும், முகத்தில் வைத்து அமுக்கினால் மூச்சுக்குழாய்க்குள் காற்றைத் தள்ளுகிற ஆம்பு பை ஒன்றும் கொண்டுவந்திருந்தார். நர்சுகளுக்குக் கற்பூர புத்தி. மூன்றே நாளில் பிடித்துக்கொண்டார்கள்.

வில்லங்கம் பீரோவில் இருந்தது. வகுப்பு முடிந்த கையோடு, தலைமை நர்சான பெரிய சிஸ்டர் பையைத் துடைத்து, உறையில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். முன்பு வந்த டாக்டர்கள் கொடுத்த மூன்று பைகளும் உள்ளே உறைகூடப் பிரிக்காமல் இருந்தன.

"பிரசவ மேஜை பக்கத்துலயே மாட்டி வைங்களேன், சிஸ்டர்."

"காணாம போனா யாரு பதில் சொல்றது, டாக்டரம்மா? நல்ல பொருளு. பத்திரமா இருக்கட்டும்."

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தான் ஊருக்குப் போனதும் நடத்திய பாடமும் அந்தப் பீரோவுக்குள் போய்விடும் என்று பட்டது.

எட்டாம் நாள் மதியம், பெரிய சிஸ்டர் சாப்பிடப் போன நேரம் பார்த்துப் பொம்மையைப் பிரசவ மேஜையில் கிடத்தி, "குழந்தை பொறந்தாச்சு, மூச்சு இல்ல" என்றார். ஒரு நர்ஸ் சாவிக்கு ஓடினாள். பெரிய சிஸ்டரே கைகூடக் கழுவாமல், மூச்சிரைக்க வந்து பூட்டைத் திறந்தார். டாக்டரம்மா கடிகாரத்தைக் காட்டினார். நாலரை நிமிடம்.

"இந்தப் பிள்ளை போயிடுச்சு, சிஸ்டர்."

பெரிய சிஸ்டர் பொம்மையைத் துணியால் மூடிவிட்டு வெளியே போனார். எல்லோர் முன்னாலும் மனதை நோகடித்துவிட்டோமோ என்று டாக்டரம்மாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு பிரசவ மேஜைகளுக்கும் மேலே சுவரில் புது ஆணிகள். நாலு பையும் உறை பிரித்துத் தொங்கின.

கடைசி நாள், அதே சாப்பாட்டு நேரத்தில், ஒரு பெண் குழந்தை நீலம் பாரித்து, அழாமல் பிறந்தது. டாக்டரம்மா பக்கத்து அறையிலிருந்து ஓடி வருவதற்குள் பிரசவம் பார்த்த நர்ஸ் பையை எடுத்து அமுக்கத் தொடங்கியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை வீலென்று கத்தியது.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" சோற்றுக் கையோடு வாசலில் நின்ற பெரிய சிஸ்டர் கேட்டார்.

"முக்கா நிமிஷத்துல பையை வெச்சுட்டேன், சிஸ்டர்."

பெரிய சிஸ்டர் தேம்பித் தேம்பி அழுதார். டாக்டரம்மாவும்தான்.

மாலையில் பெட்டி கட்டும்போது பொம்மையைக் காணவில்லை.

"அதை உங்களுக்குத்தான் விட்டுட்டுப் போறேன், சிஸ்டர். ஆனா எங்க அது?"

பெரிய சிஸ்டர் இடுப்புச் சாவியைத் தட்டிக் காட்டினார். "பீரோல. நல்ல பொருளாச்சே."

டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "வாரம் ஒருக்கா வெளிய எடுத்து எல்லாரையும் ஓட விடுவேன். சாப்பாட்டு நேரத்துல."