பூனைக்கு ஆற்று மணல்

எங்கள் பூனை மணல் பெட்டியில் மூத்திரம் போகாததற்குக் காரணம், பெட்டிக்குள் ஆறு ஓடுவதுதான்.

பெட்டி என்றால் பழைய பிளாஸ்டிக் டப். குளியலறைக்கு வெளியே வாஷிங் மெஷினுக்கென்று விட்டிருக்கும் இடத்தில் வைத்திருக்கிறோம். எங்களிடம் வாஷிங் மெஷின் இல்லை. மணல் கொண்டுவந்தவர் அப்பா. அவர் கொத்தனார். பூனைகளுக்கென்று கடையில் விற்கும் மணலில் ஒரு பொட்டலம் வாங்கி வந்து காட்டினேன். அவர் கொஞ்சம் எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். "இது மணலே இல்லம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம், வேலை நடக்கும் இடத்தில் கேட்டு வாங்கிய பாலாற்று மணலை அரை மூட்டை கொண்டுவந்தார். இப்போது அது லேசில் கிடைப்பதில்லை. சலித்து, சிப்பி பொறுக்கி, டப்பில் கொட்டி, சுவருக்குப் பூச்சு வேலை செய்வது போலவே பலகையால் இழுத்துச் சமமாக்கினார்.

ஆற்று மணல் என்பதால் மறுநாள் காலையில் ஆறு வந்திருந்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது. இந்தக் கரையிலிருந்து பார்த்தால் மறுகரையில் ஆட்கள் நடமாடுவது தெரியும், இன்னார் என்று தெரியாது. அவ்வளவு அகலம். ஜாங்கிரி கரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தது. ஜாங்கிரி என்பது பூனையின் பெயர். பிறகு எழுந்து போய் வாசல் மிதியடியில் மூத்திரம் போனது.

அதற்குப் பிறகு என் ஆபீஸ் பை. பிறகு மாடிப்படி. பிறகு கீழ்வீட்டு ஹெல்மெட்.

கீழ்வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரர் ஜெயக்கொடி அம்மாள். ஹெல்மெட் அவர் மகனுடையது. நான் வேலைக்குக் கிளம்பும்போது படியில் நிறுத்தினார்.

"ஹேமா, உங்க பூன எம் புள்ள ஹெல்மெட்ல போயிருக்கு. அவன் அதப் போட்டுகினு ஆம்பூர் வரைக்கும் போயிட்டான்."

"தெரிஞ்சா போட்டுக்கினாரு?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"ஞாயித்துக்கெழம மேல வந்து பாப்பேன். நாத்தம் இருந்துச்சுன்னா பூன போவணும். பூன போவாதுன்னா நீங்க போவணும். படிச்ச பொண்ணுதானே, எதுன்னு நீயே முடிவு பண்ணு."

இரண்டும் முடியாது. இந்த வீட்டுக்கு முன்னால் நாங்கள் பார்க்கப் போன வீடுகளில், போனில் நான் பேசியபோது வரச் சொன்னவர்கள், நேரில் அப்பாவையும் அவர் கைகளையும் பார்த்ததும் வேறு ஆள் வந்தாகிவிட்டது என்றார்கள். ஜெயக்கொடி அம்மாள் மட்டும்தான் சாவியைக் கொடுத்தார். பூனையை அனுப்பலாம் என்றால், அம்மா இறந்த பிறகு அப்பா ராத்திரியில் தூங்கத் தொடங்கியதே ஜாங்கிரி வந்து அவர் வயிற்றின் மேல் படுத்த பிறகுதான்.

அன்று சாயங்காலம் நான் ஆற்றங்கரைக்கு இறங்கினேன். ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பெயர் கன்னியம்மா என்றாள். எங்கள் பூனையைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? நல்ல பூனைம்மா. மொத நாளு இங்கதான் வந்து நின்னுச்சு. கொயந்தைங்க குளிச்சிகினு இருந்தாங்க. இது குடிக்கிற தண்ணி கண்ணு, இதுல போவாதேன்னு ஒருவாட்டிதான் சொன்னேன். திரும்பிப் போயிடுச்சு. எங்கூட்டு ஆம்பளைங்களுக்கு இத்தினி வருசமா சொல்றேன், ஒருத்தன் கேக்கல."

"மணலை மாத்திடலாமான்னு யோசிக்கிறேன்" என்றேன். மறைக்கக் கூடாது என்று தோன்றியது.

"மாத்திக்கோ. நாங்க எங்க போறது?"

நியாயமான கேள்வி. அவள் ஒரு வேட்டியைப் பிழிந்து உதறினாள். என் மேல் தண்ணீர் தெளித்தது. வீட்டுக்குள் வந்து துணி மாற்றிக்கொண்டேன்.

ஆற்றை எடுக்க முடியாது என்றால் இன்னொரு டப்தான் வழி. வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். டப் எத்தனை வைக்கலாம் என்று அதில் எதுவும் இல்லை. அப்பாவிடம் எம்-சாண்ட் கொண்டுவரச் சொன்னேன்.

அவருக்கு முகம் வாடிவிட்டது. "அது மலைய ஒடச்சு அரச்ச தூளும்மா. கால்ல குத்தும். பூன நம்மள என்னா நெனைக்கும்?"

"ஆத்துல கால் வைக்க மாட்டேங்குதேப்பா."

"நல்ல மணலாச்சே" என்று மட்டும் சொன்னார். ஆனால் கொண்டுவந்தார். இந்த முறை சலிக்கவில்லை, சமமாக்கவும் இல்லை. கொட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காலையில் புது டப்பில் மலை இருந்தது. எங்கள் பக்கத்து மலைகளைப் போல மொட்டைப் பாறைகளாக ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்ற மலை. சப்பாத்திக்கள்ளி இருந்தது. வெள்ளையடித்த படிகள் வளைந்து மேலே போயின. உச்சியில் ஒரு சின்னக் கோயில். ஜாங்கிரி அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தது. பிறகு ஏறத் தொடங்கியது. பாதி மலைக்கு மேல் ஒரு பெரிய பாறையின் பின்னால் ஒதுங்கியது. யாரும் பார்க்காதபடி ஒதுங்கியதை அப்பா கவனித்தார். "மானஸ்தன்" என்றார். அவருக்கு எம்-சாண்ட் மேல் இருந்த வருத்தம் அதோடு போய்விட்டது.

அன்றிலிருந்து வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. ஏறி இறங்க நேரம் பிடிப்பதுதான் ஒரே சிரமம். அவசரத்துக்கு ஆகாது. அதனால் ஜாங்கிரி அவசரப்படுவதை விட்டுவிட்டது. எங்களோடு எழுந்து, அப்பா பல் தேய்க்கும்போதே கிளம்பிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயக்கொடி அம்மாள் வந்தார். கட்டிலுக்கு அடியிலும் அரிசி டிரம்முக்குப் பின்னாலும் குனிந்து முகர்ந்தார். எங்கும் எதுவும் இல்லை. கடைசியில் வாசலுக்குப் போனார்.

"மிதியடியில பழைய நாத்தம் கொஞ்சம் இருக்குங்கம்மா" என்றேன். "மூணுவாட்டி தொவச்சேன். போகல."

அப்பா என்னைப் பார்த்தார்.

"அப்ப இருக்குன்ற."

"இருக்குங்க."

"அப்ப சொன்ன பேச்சு பேச்சுதான். பூன எங்க?"

"மலைக்குப் போயிருக்கு. வர்ற நேரந்தாங்க."

அவர் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து மலையைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். அப்பா டீ போட்டுக் கொடுத்தார்.

"இந்த வெயில்ல படியெல்லாம் காயுமே" என்றார் ஜெயக்கொடி அம்மாள்.

"ஓரமா புல்லு இருக்குங்க. அதுல நடந்து வரும்."

ஜாங்கிரி வளைவில் தெரிந்தது. வழக்கத்தை விட நிதானமாக இறங்கி வந்தது. பக்கத்தில் வந்த பிறகுதான் பார்த்தோம். இரண்டு காதுகளுக்கும் நடுவே முடியைச் சுத்தமாக மழித்து, சந்தனம் பூசியிருந்தது. கழுத்தில் நூலில் கட்டிய ஒரு சின்னப் பொட்டலம். அப்பா எழுந்து நின்றார்.

ஜெயக்கொடி அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மொட்ட போட்டிருக்கு."

"ஆமாங்க."

"என்னா வேண்டுதலு?"

எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றேன். அப்பாதான் பதில் சொன்னார். "அதுக்கு வேற என்னாம்மா கேக்கத் தெரியும்? இந்த வூட்லயே இருக்கணும்னு கேட்டிருக்கும்."

ஜாங்கிரி மலையடிவாரத்தில் உட்கார்ந்து, சந்தனம் கலையாதபடி காதை மட்டும் சொறிந்துகொண்டது.

"வேண்டிக்கிறப்ப மொட்ட போட மாட்டாங்க" என்றார் ஜெயக்கொடி அம்மாள். "நடந்த பொறவுதான் போடுவாங்க."

"அதுதாங்க வழக்கம்" என்றேன்.

"அப்ப நடந்துடுச்சு."

"நடந்துடுச்சு போலிருக்குங்க."

"கோயில்ல முடிய வாங்கி வச்சிக்கினாங்களே. இதுக்கு மேல நான் மாத்திப் பேசினா நல்லாவா இருக்கும்?" என்று அப்பாவிடம் கேட்டார். நல்லா இருக்காது என்று அப்பா சொன்னார். "மிதியடிய மட்டும் தூக்கிப் போட்டுட்டு புதுசா ஒண்ணு வாங்கிக்கோ ஹேமா. படிச்ச பொண்ணு, மூணுவாட்டி தொவச்சாளாம்."

பொட்டலத்தைப் பிரித்தேன். திருநீறும் கொஞ்சம் கற்கண்டும் இருந்தன. ஜெயக்கொடி அம்மாள் திருநீறை எடுத்து நெற்றியிலும், குனிந்து இரண்டு முழங்கால்களிலும் பூசிக்கொண்டார். கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, மேலே கூட்டமா என்று ஜாங்கிரியிடம் கேட்டார். ஜாங்கிரி முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. கூட்டம் இருந்தால் அது இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார். பாறை வரைக்கும் போனவர் அங்கேயே நின்று திரும்பினார்.

"ஹேமா, சமையக்கட்டுக் கதவச் சாத்து. கொரங்கு எறங்குது பாரு."

நான் போனேன். ஒரு குரங்கு ஏற்கெனவே உள்ளே வந்து, முக்காலியில் உட்கார்ந்திருந்தது. அப்பா அதற்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தார். மற்றவை வருவதற்குள் கதவைச் சாத்தினேன்.