மூன்று மலைகளில் ஒன்று

விமானத்தின் இறக்கையில் படிந்த பனியைச் சூடான மருந்துத் தண்ணீர் அடித்துக் கழுவுவதுதான் இராஜரட்ணத்தின் வேலை. மிசிசாகா விமான நிலையத்தில் பத்தொன்பது பனிமாரிகளாக அதைத்தான் செய்கிறார். பனி என்றால் அவருக்குப் பரம எதிரி. அந்த எதிரியைத் தேடிப் போய் விளையாட வேண்டும் என்று அவர் பெற்ற ஒரே மகள் அட்சயா ஒற்றைக் காலில் நின்றால் மனுசன் என்னதான் செய்வார்?

சாதாரணப் பனிச்சறுக்கு என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பார். அவள் கேட்டது வேறு. நாட்டின் மறுகோடியில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில், சறுக்கு விடுதியின் எல்லைக் கேற்றைத் தாண்டிப் போய், யாரும் சீராக்காத பனியில் நடந்து ஏறி, அங்கிருந்து சறுக்கி இறங்குவது. அங்கே மலையே கழன்று வருவது போலப் பனி சரியும். அதற்குள் அகப்பட்டவரைக் கால் மணித்தியாலத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது.

மறித்துப் பார்த்தார். பெட்டைக்கு இருபத்தேழு வயது, சொந்தச் சம்பளம், பனிச்சரிவுப் பயிற்சி எடுத்த சான்றிதழ் வேறு. மறிக்க ஏலாது என்று கண்டதும் கட்சி மாறினார். இடத்தையாவது தான் பார்த்துச் சொல்வதாக, விட்பி நகரத்து வீட்டின் சாப்பாட்டு மேசையில் லப்டொப்போடு குந்திவிட்டார். மூன்று வாரம் அந்த மேசையில் யாரும் சாப்பிடவில்லை.

மூன்று விடுதிகள் தேறின. சில்வர் லார்ச்சில் கேற்றைக் காவல்காரர் தினமும் பனியின் நிலையைப் பார்த்துத்தான் திறப்பார்கள், ஆஸ்பத்திரியும் இருபது நிமிடத்தில். நோர்த் கெட்டிலில் மலை பெரிது, சறுக்கப் போகிற பிள்ளைகள் எல்லாம் அதற்குத்தான் உயிரை விடுகிறார்கள். கிறே ஓவில் என்பது ஒரு மூலைக்குள் கிடக்கிற சின்ன இடம். ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணித்தியாலம் என்று கண்டதும் இராஜரட்ணம் அதைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டார். சரிவு எத்தனை பாகை, அன்றாட அபாய அறிக்கை வருகிறதா, மீட்புக்குழு எங்கே இருக்கிறது என்று அட்டவணை நீண்டுகொண்டே போனது. மச்சாளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லையே என்று அட்சயா சிரித்தாள்.

கடைசியில் சிரிப்பு சண்டையில் முடிந்தது. சில்வர் லார்ச்சைத் தவிர வேறெங்கும் போகக் கூடாது என்றார் தகப்பன். அது குழந்தைப்பிள்ளைகளின் மலை என்றாள் மகள். அதன் பிறகு அந்த வீட்டில் மலைப் பேச்சே இல்லை.

புறப்பட்ட காலையில் பையோடு வாசலில் நின்று, "போயிட்டு வாறன், அப்பா" என்றாள். எந்த மலை என்ற கேள்வி அவருடைய நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வெளிக்கிடுகிற ஆளிடம் எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. கோயிலுக்குக்கூட பார்க்கிங் கிடைத்தால்தான் போகிற மனுசன், இந்த ஒன்றில் மட்டும் இம்மியும் அசையமாட்டார். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். "போயிட்டு வா பிள்ளை" என்றார். அவள் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் மூன்று மணிக்கு, இடைவேளை அறையில், கூட வேலை செய்யும் மரியோ தன் போனை நீட்டினான். நோர்த் கெட்டிலில் கேற்றுக்கு வெளியே பனிச்சரிவு. நாலு பேர் புதைந்திருக்கலாம். பெயர் விபரம் இல்லை.

அட்சயாவோடு போன மூன்று சிநேகிதரையும் சேர்த்தால் அவர்களும் நாலு பேர்.

அவளுக்குப் போன் அடித்தார், போகவில்லை. மனைவி மங்கையற்கரசிக்கு அடித்தார்.

"பிள்ளை எந்த மலைக்குப் போனவள்?"

"உங்களுக்குச் சொல்லியிருப்பாள் எண்டெல்லோ நான் நினைச்சனான். நீங்கள் கேக்கேல்லையோ?"

"வெளிக்கிடேக்கை எப்படியப்பா கேக்கிறது? நீர் கேட்டிருக்கலாமே."

மறுமுனையில் மங்கையற்கரசி அழத் தொடங்கினார். அவரும் அதே காரணத்தால்தான் கேட்கவில்லை. மூன்று மலைக்கும் இறங்குகிற விமான நிலையம் ஒன்றே. 'வந்து இறங்கியாச்சு' என்று அவள் அனுப்பிய ஒற்றை வரியாலும் பிரயோசனமில்லை. நோர்த் கெட்டிலுக்கு அடித்தால், மீட்பு வேலை நடக்கிறது, குறுக்கே பேசாமல் லைனை விடுங்கள் என்றார்கள்.

சில்வர் லார்ச்சை அவள் குழந்தைப்பிள்ளைகளின் மலை என்றாள். அப்படியென்றால் மிச்சம் கெட்டில்தான். கிறே ஓவிலை வெட்டியதே அவர்தான், அது நினைவுக்கும் வரவில்லை. வீட்டுக்குப் போகும்படி மேலாளர் சொன்னார். அவர் போகவில்லை. மருந்துத் தண்ணீர் வண்டியின் படியில் குந்தி, தன் வாயைத் தானே திட்டிக்கொண்டிருந்தார். ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

ஐந்தரைக்கு போன் அடித்தது.

"அப்பா, ஐ ஆம் ஓகே. இப்பத்தான் சிக்னல் வந்தது. நாங்கள் கிறே ஓவிலிலை நிக்கிறம்."

இராஜரட்ணம் வாய்விட்டு அழுதார். மரியோ அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். கெட்டிலிலும் நாலு பேரையும் உயிரோடு எடுத்துவிட்டார்களாம் என்று அட்சயா சொன்னதும், முன்பின் தெரியாத அந்த நாலு பேருக்காகவும் இன்னொரு தரம் அழுதார். பிறகுதான், தான் வெட்டிய மலைக்கு ஏன் போனாள் என்று கேட்க அவருக்குக் குரல் வந்தது.

"பனி சரிஞ்சா எங்கை போய் நிக்கும் எண்டு உங்கடை அட்டவணையிலை நான் ஒரு வரி போட்டனான், நீங்கள் வாசிக்கேல்லை. கெட்டிலிலை எல்லாம் ஒரு பள்ளத்துக்குள்ளை போய்க் குவியும். இஞ்சை சரிவு குறைவு, கீழை வெட்டவெளி. நீங்கள் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் எண்டு பாத்தியள், அப்பா. நான் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கப் பாத்தனான்."

"அதை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

"கேப்பியள் எண்டுதான் வாசல்லை நிண்டனான். நீங்கள் கேக்கேல்லை. இன்னும் கோவம் எண்டு நினைச்சன்."

"கோவமில்லை. பயம்" என்றார்.

அறிக்கை நன்றாக இருந்தால் நாளைக்கும் கேற்றுக்கு வெளியே போவோம் என்று அவள் மெல்லச் சொன்னாள். போகாதே என்று சொல்ல அவருக்கு வாய் உன்னியது. சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, வேலைத்தாளின் பின்பக்கத்தை விரித்தார்.

"நாளைக்கு எங்கை போறாய்?"

அவள் சொல்லச் சொல்ல எழுதினார். கிழக்குக் கேற், காட்டுக்குள்ளால் ஏறும் பாதை, கூடப் போகும் மூன்று பேரின் பெயர், அவர்களின் போன் நம்பர்கள். எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டினார். ஒரு நம்பரைப் பிழையாக எழுதியிருந்தார், அவள் திருத்தினாள்.

"உங்கடை நேரம் ஆறரைக்குள்ளை நான் எடுப்பன். எடுக்காட்டி மீட்புக்குழுவுக்கு அடியுங்கோ. நம்பர் சொல்லுறன்."

"ஆறு முப்பத்தொண்டுக்கு அடிப்பன்" என்றார் இராஜரட்ணம்.